மேகம் மறைத்தாலும் விளக்கு எரியும்

பினாங்குத் தீவில் ஓடும் சுங்கை பினாங் ஆற்றின் கரையோரம் வாழும் மக்கள் இரண்டு செய்திகளைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்று, கடல் ஏற்றம் எப்போது வரும் என்பது. மற்றொன்று, கனத்த மழை எப்போது பெய்யும் என்பது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால், ஆற்று நீர் கடலில் வடிய வழியின்றிக் கரையை மீறும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளத்தை இங்குள்ளவர்கள் எளிதில் மறந்துவிடவில்லை.

இவ்விரண்டு செய்திகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நிலவும் சூரியனும் பூமியை ஈர்ப்பதால் கடல் ஏறி இறங்குகிறது. ஆகவே, அடுத்த ஆண்டு இதே நாளில் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பதை இன்றே கணக்கிட்டு அட்டவணையாக அச்சிடலாம். மழை அப்படியன்று. நாளை மாலை இடியுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்புண்டு என்று மட்டுமே வானிலை ஆய்வாளர்களால் கூற முடியும். கடல் ஏற்றம் மாறக்கூடியது, ஆனால், கணிக்கத்தக்கது. மழையோ மாறக்கூடியது, அதோடு நிச்சயமற்றதும்கூட.

சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்போதும் இதே நிலைதான். சூரியன் மாலையில் மறையும் என்பது கடல் ஏற்றத்தைப் போன்றது, அதில் ஐயமில்லை. பிற்பகல் 3 மணிக்குக் கருமேகம் ஒன்று வந்து சூரியனை மறைக்குமா என்பது மழையைப் போன்றது. முன்னதைச் சமாளிக்கத் திட்டமிடல் போதும். பின்னதைச் சமாளிக்க முன்கணிப்பு, கையிருப்பு, சேமிப்பு, ஒத்துழைப்பு ஆகிய நான்கும் தேவைப்படுகின்றன.

ஒவ்வொரு விநாடியும் ஒரு சமநிலை

அரிசியை மூட்டையில் கட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். மின்கம்பியில் ஓடும் மின்சாரத்தை அவ்வாறு கம்பியிலேயே தேக்கி வைக்க முடியாது. நாம் விளக்கின் விசையை அழுத்தும் அதே கணத்தில், எங்கோ ஒரு மின்னாக்கி அதற்குரிய மின்சாரத்தை உற்பத்தி செய்ய வேண்டும். உற்பத்தியும் பயன்பாடும் எந்நேரமும் சமமாக இருந்தாக வேண்டும்.

இந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல் அதிர்வெண் ஆகும். மலேசியாவின் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. பலர் சேர்ந்து மிதிக்கும் ஒரு நீண்ட மிதிவண்டியை எண்ணிப் பாருங்கள். வண்டி ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். மேட்டில் ஏறும்போது அனைவரும் கூடுதலாக மிதிக்க வேண்டும். மிதிப்பவர்களில் ஒருவர் திடீரென்று காலை எடுத்துவிட்டால் வண்டியின் வேகம் குறையும். மின்கட்டமைப்பில் அந்த வேகம்தான் அதிர்வெண். அது மிகவும் குறைந்துவிட்டால், மின்னாக்கிகள் பழுதடையாமல் இருக்கத் தாமாகவே கட்டமைப்பிலிருந்து விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் மற்றவற்றின் சுமை கூடும். அவையும் ஒவ்வொன்றாக விலகும். முடிவில் நாடே இருளில் மூழ்கும்.

இது கற்பனையன்று. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையம் அருகே தொடங்கிய ஒரு கோளாறு, தீபகற்ப மலேசியா முழுவதையும் பல மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. அக்காலத்தில் நம் நாட்டில் பெரிய சூரிய மின்நிலையங்களே இல்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். நிலக்கரியாலும் எரிவாயுவாலும் இயங்கும் நிலையங்களும் எதிர்பாராமல் நின்றுபோகக்கூடும். ஆகவே, நிச்சயமின்மை என்பது மின்துறைக்குப் புதியதன்று. சூரியனும் காற்றும் அதன் அளவைக் கூட்டியுள்ளன. அதன் வடிவத்தை மாற்றியுள்ளன. அவ்வளவே.

மின்தடையின் விலை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வசதியான வீட்டில் அது சற்றுநேர எரிச்சல்தான். அடுக்குமாடியின் மேல்தளத்தில் வாழும் மூதாட்டிக்கோ அது மின்தூக்கி நின்றுபோவது; அங்காடி வியாபாரிக்கு உறைபெட்டியிலுள்ள மீன் கெட்டுப்போவது; வீட்டிலேயே சுவாசக் கருவியுடன் வாழும் நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே, தூய ஆற்றலுக்கு மாறும் நாடு மின்விநியோகத்தின் நம்பகத்தன்மையை விட்டுக்கொடுக்க முடியாது. 2050-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்ட வரைவு இலக்கு வகுத்துள்ளது. நிச்சயமற்ற ஆற்றலைக் கையாளக் கற்றுக்கொள்ளாமல் அந்த இலக்கை அடைய இயலாது.

முன்கணிப்பு: மேகத்துக்கு முன்னே செல்லுதல்

முதல் வழி, வருவதை முன்கூட்டியே அறிவது. கூரையில் பொருத்தப்பட்ட ஒரு சூரியத் தகட்டின் மீது கனத்த மேகம் படிந்தால், அதன் உற்பத்தி ஒரு நிமிடத்திற்குள்ளேயே பாதிக்கும் கீழே சரிந்துவிடக்கூடும். மேகம் விலகியதும் மீண்டும் ஏறும். எப்போது சரியும், எவ்வளவு சரியும் என்பது முன்பே தெரிந்தால் மற்ற மின்நிலையங்களை ஆயத்தப்படுத்திவிடலாம்.

நாளைய நிலையை அறிய, காற்றழுத்தம், ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றைக் கணினியில் செலுத்தி வளிமண்டலத்தின் போக்கைக் கணக்கிடுகிறார்கள். அடுத்த சில மணி நேரத்தை அறியச் செயற்கைக்கோள் படங்கள் உதவுகின்றன. ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நம் வட்டாரத்து மேகங்களையும் சேர்த்துப் படமெடுக்கிறது. இரண்டு படங்களை ஒப்பிட்டால் மேகம் எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகர்கிறது என்பது புலப்படும். அடுத்த சில நிமிடங்களை அறிய, சூரிய மின்நிலையத்திலேயே வானத்தை நோக்கி ஒளிப்படக் கருவியைப் பொருத்துவதும் உண்டு. காலம் நெருங்க நெருங்கக் கணிப்பின் துல்லியம் கூடுகிறது.

முன்பே தெரிந்துவிட்டால் பெரிய மாற்றமும் பேரிடராவதில்லை. 2015-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் ஐரோப்பாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான மெகாவாட் சூரிய மின்சாரம் சிறிது நேரத்தில் குறைந்து, பிறகு அதைவிட வேகமாக ஏறியது. எனினும், மின்தடை ஏற்படவில்லை. கிரகணத்தின் நேரம் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும் என்பதால், மின்துறையினர் பல மாதங்களாக அதற்கு ஆயத்தமாகியிருந்தனர்.

கையிருப்பு: எவ்வளவு வைத்திருப்பது?

எவ்வளவு திறமையான கணிப்பும் சில வேளைகளில் பிழைக்கும். ஆகவே, நல்ல கணிப்பாளர் ஒரே எண்ணைக் கூறுவதில்லை. ஓர் எல்லையையும் சேர்த்துக் கூறுவார். எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். நாளை பிற்பகல் 2 மணிக்குச் சூரிய மின்நிலையங்களிலிருந்து 2,000 மெகாவாட் கிடைக்கும் என்று கணிப்பு கூறுவதாக வைத்துக்கொள்வோம். மேகம் கூடினால் அது 1,500 மெகாவாட்டாகக் குறையலாம் என்றும் அது எச்சரிக்கிறது. மின்கட்டமைப்பை இயக்குபவர், குறையக்கூடிய அந்த 500 மெகாவாட்டை வேறிடத்திலிருந்து உடனே பெறுவதற்கு வழிசெய்து வைக்க வேண்டும். இதையே கையிருப்புத் திறன் என்கிறோம்.

கையிருப்பை அள்ளி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். எரிவாயு மின்நிலையத்தை எந்நேரமும் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் காத்திருக்கச் செய்தால் எரிபொருள் வீணாகும், செலவும் கூடும், புகையும் கூடும். கையிருப்பு குறைந்தாலோ மின்தடை வரும். ஆகவே, கணிப்பு எவ்வளவு துல்லியமாகிறதோ அவ்வளவுக்குக் கையிருப்பைக் குறைக்கலாம். அறிவு இங்கே எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

கையிருப்புக்கு மிகவும் ஏற்றது நீர்மின்சாரம். பேராக் மாநிலத்தின் தெமெங்கோர் அணையில் 348 மெகாவாட் திறனுடைய நீர்மின்நிலையம் உள்ளது. மதகைத் திறந்து சில நிமிடங்களில் அத்தகைய நிலையத்தின் உற்பத்தியை உயர்த்தலாம். தேவையில்லாதபோது நீரை அணையிலேயே விட்டுவைக்கலாம். நிலக்கரி மின்நிலையத்தை அவ்வளவு விரைவாக முடுக்கிவிட முடியாது.

பரவல்: பல கூரைகள், பல ஊர்கள்

ஒரே ஒரு கூரையை மட்டும் நம்பினால் ஒரு சிறு மேகமே போதும், உற்பத்தி சரிந்துவிடும். நூறு கூரைகள் வெவ்வேறு இடங்களில் இருந்தால், ஒன்றின் மீது நிழல் விழும்போது மற்றொன்றின் மீது வெயில் விழும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒவ்வோர் இடத்திலும் மேகங்கள் தொடர்பின்றி நகர்வதாகக் கொண்டால், ஒரே அளவுடைய நூறு கூரைகளின் மொத்த உற்பத்தியில் ஏற்படும் தடுமாற்றம், விழுக்காட்டு அளவில், ஒரு கூரையின் தடுமாற்றத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. புள்ளியியல் தரும் பரிசு இது.

ஆனால், பினாங்குத் தீவின் பரப்பளவு 300 சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. பெருமழை வந்தால் தீவு முழுவதையும் ஒரே மேகக்கூட்டம் மூடிவிடும். அப்போது தீவிலுள்ள நூறு கூரைகளும் ஒன்றாகவே தளரும். எனவே, பரவல் இன்னும் விரிய வேண்டும். பினாங்குத் தீவு கடலடி மின்வடங்களால் பெருநிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஜார்ஜ்டவுனில் மழை கொட்டும்போது கெடாவின் கோல கெட்டிலில் உள்ள சூரிய மின்நிலையத்தின் மீது வெயில் அடிக்கலாம். கெடாவின் குருண் நகரிலிருந்து தாய்லாந்துக்கு 300 மெகாவாட் திறனுடைய மின்தொடரும் உள்ளது. அண்டை வீட்டாரோடு அரிசியும் சீனியும் கைமாற்றாகக் கொடுத்து வாங்குவதைப் போல, அண்டை நாடுகளும் மின்சாரத்தைக் கொடுத்து வாங்குகின்றன.

காற்று கற்பிக்கும் பாடம்

நில நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தீபகற்ப மலேசியாவில் காற்றின் வேகம் பொதுவாகக் குறைவு. ஆகவே, இங்குச் சூரிய ஒளிதான் முதன்மை. காற்றாலைகளால் ஏற்படும் நிச்சயமின்மையை நெடுங்காலமாகக் கையாண்டு வரும் இடங்களுள் ஒன்று தமிழ்நாடு. அங்கு 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறனுடைய காற்றாலைகள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் சுழல்கின்றன. மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில், சில நாள்களில் 5,000 மெகாவாட்டுக்கும் மேல் கிடைக்கிறது. காற்று ஓய்ந்த நாள்களிலோ மிகச் சொற்பமாகவே கிடைக்கிறது.

காற்றைக் கணிப்பது ஏன் கடினம்? காற்றில் உள்ள ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று கணித்து, 7 மீட்டர் வேகத்தில் மட்டுமே வீசினால், காற்றின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேகத்தில் செய்யும் சிறு பிழை, மின்சாரத்தில் பெரும் பிழையாகிறது.

இதனால்தான் சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கான முன்கணிப்புப் பணியில் ஈடுபட்டது. இந்தியாவில் ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மின்சாரம் வரும், எவ்வளவு தேவைப்படும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது.

இணைப்பின் பயனையும் தமிழ்நாடு கற்றது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவில் மாபெரும் மின்தடை ஏற்பட்டு, கோடிக்கணக்கான மக்கள் தவித்தனர். அப்போது தென்னிந்திய மின்கட்டமைப்பு தனித்து இயங்கியதால் தமிழ்நாடு தப்பியது. ஆயினும், தனித்திருப்பதில் இழப்பும் உண்டு. காற்று மிகுந்த காலத்தில் உபரி மின்சாரத்தை வடக்கே தாராளமாக அனுப்ப முடியவில்லை. காற்று குறைந்த காலத்தில் வேண்டிய அளவு பெறவும் முடியவில்லை. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் தெற்குக் கட்டமைப்பு மற்றவற்றுடன் இணைக்கப்பட்டது. பின்னர், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் திறனுடைய நெடுந்தொலைவு மின்தொடர் அமைக்கப்பட்டது. அதில் மின்சாரம் இரு திசையிலும் செல்லும். காற்றுக் காலத்தில் வடக்கே அனுப்பலாம். மற்ற காலத்தில் வடக்கிலிருந்து பெறலாம்.

சேமிப்பு: இன்றைய மிச்சம், நாளைய துணை

மின்சாரத்தைக் கம்பியில் தேக்க முடியாது என்றாலும், வேறு வடிவில் சேமிக்க முடியும். கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீர்மின்நிலையம் 400 மெகாவாட் திறனுடையது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தேவை கூடும்போது அந்நீரைக் கீழே பாயவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்குச் செலவிட்ட மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. பொதுவாக இத்தகைய நிலையங்களில் நான்கு பங்கு செலவிட்டால் ஏறத்தாழ மூன்று பங்கு கிடைக்கும். எனினும், வீணாகப் போவதைவிட அது மேல்.

மின்கலங்களின் சிறப்பு அவற்றின் வேகம். ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கல நிலையம் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதே மாதம் 14-ஆம் நாள், தொலைவிலிருந்த ஒரு நிலக்கரி மின்நிலையத்தின் மின்னாக்கி திடீரென்று நின்றது. அதிர்வெண் சரியத் தொடங்கியதும், அந்த மின்கல நிலையம் சில விநாடிகளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தியது. நம் நாட்டிலும் சரவாக் மாநிலத்தின் செஜிங்காட்டில் 60 மெகாவாட் மின்கல நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. தீபகற்ப மலேசியாவிலும் மொத்தம் 400 மெகாவாட் திறனுடைய மின்கல நிலையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. அவை முழுத் திறனில் 4 மணி நேரம், அதாவது 1,600 மெகாவாட்-மணி மின்சாரம் தரக்கூடியவை.

இந்த எண்ணைப் பெரிதென்று எண்ணி மயங்கிவிடக் கூடாது. தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024-ஆம் ஆண்டில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. முழுத் திறனில் இயங்கினாலும், அந்தத் தேவையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே இம்மின்கலங்களால் தர முடியும். ஆகவே, மின்கலங்கள் இரவு முழுவதும் நாட்டைத் தாங்குவதற்கு அல்ல. மேகம் கடக்கும் நேரத்தையும், சூரியன் மறைந்தபின் மற்ற நிலையங்கள் வேகமெடுக்கும் நேரத்தையும் கடக்க உதவும் பாலமாகவே அவை அமைகின்றன.

பயன்படுத்துவோரின் பங்கு

இதுவரை கூறியவை யாவும் உற்பத்தியைப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றும் வழிகள். பயன்பாட்டையும் உற்பத்திக்கு ஏற்ப மாற்றலாம். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் முன்னோர் பழமொழி. களத்து மேட்டில் நெல் தூற்றிய உழவர், காற்று வீசும் நேரம் பார்த்தே தம் வேலையை வைத்துக்கொண்டார். பதரும் நெல்லும் பிரிய வேண்டும். அது காலையில் நடந்தாலும் மாலையில் நடந்தாலும் சரி.

மின்சாரம் கொண்டு நாம் செய்யும் வேலைகளிலும் அவ்வாறு நேரம் மாற்றத்தக்கவை பல உள்ளன. துணி துவைத்தல், நீர்த்தொட்டியை நிரப்புதல், மின்வாகனத்திற்கு மின்னேற்றுதல் ஆகியவற்றைச் சில மணி நேரம் முன்பின்னாகச் செய்யலாம். மருத்துவமனை விளக்கையோ தேர்வறையின் மின்விசிறியையோ அவ்வாறு தள்ளிவைக்க இயலாது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையின்படி, வீட்டுப் பயனீட்டாளர்கள் விரும்பினால் நேரத்திற்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரத்தில் கட்டணம் குறைவு. தள்ளிவைக்கக்கூடிய வேலையைத் தள்ளிவைப்பவருக்குக் கிடைக்கும் ஊக்கம் இது. ஆயினும், பிற்பகலில் கடை நடத்துபவரும் மாலையில் மட்டுமே வீடு திரும்பும் தொழிலாளரும் தம் பயன்பாட்டை எளிதில் மாற்ற முடியாது. எனவே, இத்தகைய முறைகளை வகுக்கும்போது எல்லாத் தரப்பினரையும் கருத்தில் கொள்வது அவசியம்.

வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் கட்டளையிட முடியாது. எனினும், அவை கட்டுக்கடங்காதவை என்பதால் பயன்படாதவை ஆகிவிடுவதில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு சூரியத் தகடும் ஒவ்வொரு காற்றாலையும் நிலையற்றதுதான். முன்கணிப்பு வழிகாட்ட, கையிருப்பு காத்திருக்க, தூரத்து ஊர்கள் கைகொடுக்க, சேமிப்பு இடைவெளியை நிரப்ப, பயனீட்டாளரும் ஒத்துழைத்தால், நிலையற்ற உறுப்புகளைக் கொண்டே நிலையான ஒரு கட்டமைப்பை உருவாக்க முடியும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதைச் சுங்கை பினாங் மக்கள் தங்கள் ஆற்றிடமிருந்து கற்றுள்ளார்கள். அதே பாடம் அவர்களின் வீட்டு விளக்குக்கும் பொருந்தும்.